பிரான்சு எத்தினியாவது?

“பிரான்சு எத்தினியாவதுங்க?”

இலைக்கட்டை வாசற்படியில் இறக்கி வைத்த கையோடு இருதயமேரி கேட்டாள்.

நாற்பத்தெட்டாம் வருஷம், ஆகஸ்ட் மாதம். விழுப்புரம் ஸ்டேஷனுக்கு எதிரே பாண்டுரங்கனின் காபி கிளப். லண்டன் ஒலிம்பிக்ஸ் முடிந்து பதக்கக் கணக்கு பேப்பரில் வந்திருந்தது. பலகாரம் எழுதும் கரும்பலகையில் பொங்கலையும் வடையையும் ஓரங்கட்டிவிட்டு, எந்த நாடு எத்தனையாவது என்று எழுதி வைத்திருந்தார் பாண்டுரங்கன்.

கண்டமங்கலத்திலிருந்து வாழையிலை கொண்டுவரும் இருதயமேரிக்கு எழுத்து தெரியாது. தினமும் இதையேதான் கேட்பாள். இந்தியா எத்தனையாவது என்று மறந்தும் கேட்டதில்லை.

“மூணாவது,” என்றார் பாண்டுரங்கன்.

“நேத்தும் அதான் சொன்னீங்க. நாளைக்கு மேல ஏறுமா?”

“எங்க ஏறறது? ஆட்டமே முடிஞ்சிபோச்சிம்மா.”

அவள் முகம் சுண்டிப் போயிற்று.

டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இது பொறுக்கவில்லை. அதிலும் திண்டிவனம் துரைக்கண்ணுவுக்கு. வேர்க்கடலை வியாபாரி, ரயில் வரும்வரை வாய்க்கு ஏதாவது வேலை வேண்டும் அவருக்கு.

“புதுச்சேரிய உடமாட்டேன்னு குந்திக்கினு கீறான் பிரெஞ்சுக்காரன். அவனுக்காவ அழுவறியே, வெக்கமா இல்ல? நம்ம பசங்க இங்கிலீஷ்காரன அவன் ஊர்லயே ஆக்கியில அடிச்சிட்டு தங்கம் வாங்கியிருக்கானுங்க. அதக் கேட்டியா நீ?”

இருதயமேரி குனிந்து இலைக்கட்டை அவிழ்த்தாள்.

துரைக்கண்ணு பலகையைப் பார்த்தார். இந்தியா இருபதுக்கும் கீழே, சாம்பார் வடைக்குப் பக்கத்தில் இருந்தது.

“இது இன்னாய்யா கணக்கு? ஒருத்தன் ஒண்டியா நீஞ்சினாலும் ஒரு தங்கம், பதினோரு பேரு சேந்து ஓடினாலும் ஒரு தங்கமா? ஆளுக்கு ஒண்ணுன்னு பதினொண்ணு போடுய்யா!”

“அப்படிப் பாத்தா சனத்தொகைக்கு இவ்ளோன்னும் பிரிக்கணும். நம்ம தேசம் அதலபாதாளத்துக்குப் போயிடும். பரவால்லியா?” என்றார் பாண்டுரங்கன். “தங்கம் எத்தினியோ அதான் கணக்கு. நமக்குத் தோதா மாத்தினா அதுக்குப் பேரு கணக்கில்ல, களவு.”

துரைக்கண்ணு கேட்கிற ஆளா? எச்சில் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்தார். சாக்பீஸை எடுத்து இந்தியாவுக்குப் பதினொன்று போட்டார்.

“இப்ப நாம மூணாவது. பத்து வாங்கின பிரான்சு நாலாவது. எறங்குடா கீழ!”

“அய்யோ, எறக்காதீங்கய்யா!”

கத்தியது இருதயமேரி. கிளப்பே திரும்பிப் பார்த்தது.

“இன்னாம்மா, பிரெஞ்சுக்காரன் உனக்கு மாமனா மச்சானா?”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“எங்க வூட்டுக்காரரு பிரெஞ்சு பட்டாளத்துல கீறாருங்க. கடல் தாண்டி சைகோன்ல. முன்ன ஒருவாட்டி அவரு பட்டாளக் கம்பெனி பந்தாட்டத்துல மொதலா வந்திச்சி. கேப்டன் தொரைக்கு சந்தோசம் தாங்கல, எல்லாருக்கும் ஒரு மாசம் லீவு உட்டாரு. அப்ப வந்தவருதாங்க. அதுக்கப்புறம் சண்டைன்னு சொல்லி உடவேயில்ல. கப்பல் வந்திச்சின்னா புதுச்சேரிக்கு ஓடறேன். எறங்கற மூஞ்சியெல்லாம் பாத்துட்டு, வெறுங்கையா திரும்பி வர்றேன்.”

அவள் பலகையை நிமிர்ந்து பார்த்தாள்.

“கம்பெனி ஜெயிச்சதுக்கே ஒரு மாசம் உட்டாங்களே... தேசமே மொதலா வந்தா எல்லாரையும் வூட்டுக்கு அனுப்ப மாட்டாங்களா? மூணாவதுக்கே உடுவாங்களோ மாட்டாங்களோன்னு கெடக்கேன். இதுல நாலுன்னா...”

துரைக்கண்ணு சாக்பீஸை வைத்துவிட்டு இலைக்குத் திரும்பினார்.

பாண்டுரங்கன் கல்லாவை விட்டு எழுந்தார். ஈரத்துணியால் துரைக்கண்ணு போட்ட பதினொன்றை அழித்தார். பலகையின் உச்சிக்குப் போனார். அமெரிக்காவையும் ஸ்வீடனையும் துடைத்து எடுத்தார்.

“அமெரிக்காக்காரன் ஊருக்குள்ள குண்டு விழல. ஸ்வீடன்காரன் சண்டைக்கே போவல. வயிறு ரொம்பத் தின்னு வளந்தவனையும், இடிஞ்ச ஊர்ல பட்டினி கெடந்தவனையும் ஒரே வரிசையில வெக்கறது தப்பு. ரெண்டு பேரும் தனி.”

“அப்ப?” என்றாள் இருதயமேரி.

“அடிபட்ட தேசத்துல பிரான்சுதான் மொதல்.”

“நெசமாவா?”

“தோ, எழுதிட்டேன் பாரு.”

பாராமல் இருப்பாளா? படிக்கத் தெரியாத அந்த எழுத்தைக் கண் கொட்டாமல் பார்த்தாள்.

“லீவு உடுவாங்களாய்யா?”

பாண்டுரங்கன் திரும்பாமலே சொன்னார். “நாயம்னு ஒண்ணு இருந்தா உடணும்மா.”

“மாதாவே!” என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். “வர்றேங்க. ஊர்ல போயி மாமியாகிட்ட சொல்லணும்.” வெயிலில் செருப்பில்லாத காலோடு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் துரைக்கண்ணு வாயைத் திறந்தார். இந்த முறை குரலில் காரமில்லை.

“கதர் கட்டிக்கினு ஜெயிலுக்குப் போனவன் நீ. நம்ம தேசத்துக்காவ ஒரு புள்ளி மாத்தமாட்டேன்னே. பிரெஞ்சுக்காரனுக்காவ மொத்தத்தையும் மாத்திட்டியேய்யா?”

பாண்டுரங்கன் கையிலிருந்த சுண்ணாம்புத் தூளைத் தட்டினார்.

“நம்ம தேசம் நம்மகிட்ட வந்து ஒரு வருசம் ஆச்சி, துரைக்கண்ணு. அந்தம்மா வூட்டுக்காரரு இன்னும் வரலியே.”