ஒரு தடவையும் தவறாதவர்

“எழவு வீடா இருந்தாலும் சரி, ரோட்டுல மண்ணு சரிஞ்சாலும் சரி, இந்தத் தடவ ஒருத்தனும் சாக்குச் சொல்லக் கூடாது!”

யாகோப்பு போனில் போட்ட சத்தத்தில் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் பாதி விழித்திருக்கும். கணக்கப்பிள்ளையாகக் காலம் தள்ளியவர். காலையில் ஆள் எடுக்கும் பெரட்டில் நின்று வேலையாட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகிய வாய். ஓய்வு பெற்ற பிறகு அதட்டிக் கூப்பிட மிஞ்சியவர்கள் பள்ளிக்கூடச் சிநேகிதர்கள் மூவர்தான்.

சித்திரைப் புத்தாண்டு கழிந்து வரும் ஞாயிறன்று, பதுளை டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடை மாடியில் நால்வரும் கூடுவது இருபது வருடத்துக்கும் மேலான ஏற்பாடு. கூடியதென்னவோ எப்போதும் மூவர்தான். ஒரு வருடம் வெலிமடை வீரசிங்கத்துக்கு உருளைக்கிழங்கு லொறி வராது. மறு வருடம் தையற்கடை றிச்சர்ட்டுக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். அடுத்த வருடம் இரும்புக்கடை ஷப்ராஸின் மாமியார் ஆஸ்பத்திரியில் படுத்துவிடுவார். வந்தவர்கள் வராதவனை உரி உரியென்று உரித்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்குத்தான் மனசில்லாமல் பிரிவார்கள்.

யாகோப்பு மட்டும் ஒரு தடவையும் தவறியதில்லை. காய்ச்சலோடுகூட வந்து உட்கார்ந்திருக்கிறார்.

“இந்தச் சிநேகிதம் என்னாலதான் நிக்குது அந்தோனியம்மா. நான் இல்லாட்டி என்னைக்கோ கலைஞ்சிருப்பானுங்க” என்பார் மனைவியிடம்.

“ஆமாங்க, ஒங்களுக்குச் சிலைதான் வைக்கணும்” என்பாள் அவள்.

இந்த வருடம் ஷப்ராஸைக் கடைக்கே போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்ததில், முதல் தடவையாக நால்வரும் கூடிவிட்டார்கள். யாகோப்புக்குத் தலைகால் புரியவில்லை.

“அப்புறம்?” என்றார்.

“அப்புறம் என்ன மச்சான், நீதான் சொல்லணும்” என்றார் வீரசிங்கம்.

“ஒன் சீனி வருத்தம் எப்பிடி? மாத்திர போடுறியா?” என்று அவரையே கேட்டார் யாகோப்பு.

“கெடக்கு.”

றிச்சர்ட் முகட்டைப் பார்த்தார். ஷப்ராஸ் போனைத் தடவினார். மழை, வெயில், கரட், கிழங்கு விலை எல்லாம் தேத்தண்ணி ஆறுவதற்குள் தீர்ந்துபோயின. வீரசிங்கம் வாய் நிறையக் கொட்டாவி விட்டார்.

“அப்ப, நேரத்தோட பஸ்ஸ புடிச்சா நல்லது” என்று றிச்சர்ட் எழுந்தார். “இனி எதுக்கு இவ்வளவு தூரம் அலைஞ்சுக்கிட்டு? அதான் போன் இருக்குதானே.”

யாகோப்பு எழுந்து வழியை மறித்தார். இன்று இப்படிப் பிரிந்தால் இனி ஒருவரும் இந்தப் படி ஏற மாட்டார்கள். இவர்களை விட்டால் அவரை ‘டேய்’ என்று கூப்பிட ஊர் உலகத்தில் யாரும் இல்லை.

“உக்காருங்கடா! சாப்பிடாமப் போனா நான் மனுசனே இல்ல. நானே போயி சோறு சொல்லிட்டு வர்றேன்” என்று றிச்சர்ட்டைத் தோளில் அமுக்கி உட்கார வைத்துவிட்டு இறங்கினார்.

கீழே ஒரே கூட்டம். ஒருவழியாக நாலு சாப்பாடு சொல்லிவிட்டுப் படியேறும்போது மாடியே அதிர்ந்தது. மேசையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறார்கள்! அப்பாடா, பிழைத்தது என்று அவருக்குக் கண் நிறைந்தது. கதவைத் தள்ளப் போனவர் தன் பேச்சு அடிபடுவதைக் கேட்டு நின்றார்.

“இந்த வருசம் என் முறைடா. கடைக்குள்ளயே பூந்து இழுத்துட்டு வந்துட்டான்!” என்றார் ஷப்ராஸ்.

“சிரிக்காதீங்கடா, எனக்கு வயிறு எரியுது” என்றது றிச்சர்ட்டின் குரல். “கூட்டம் சப்புனு போயிறக் கூடாதுன்னு நாம மூணு பேரும் முறை வச்சு, வருசத்துக்கு ஒருத்தனா வீட்டுல கெடந்து ஏச்சு வாங்குறோம். இந்தப் பெரிய மனுசன் ஒரு வருசமாவது வராம இருந்து கைகொடுத்தானா?”

யாகோப்பு சத்தம் காட்டாமல் படியிறங்கினார். “தம்பி, மேல நாலு சாப்பாடு சொன்னேனே, மூணு போதும்” என்று சொல்லிவிட்டு, ஸ்பிரிங்வெளி பஸ்ஸைத் தேடி நடந்தார்.