நாளைக்குக் காது சோதனை

பாய்லர் பட்டறையில் சாப்பாட்டு நேரம் வந்தால் சம்மட்டிக்காரரும் அவர் மச்சானும் மூலையில் உட்கார்ந்து சிலேடை பேசுவார்கள். பத்து வருஷப் பழக்கம்.

"ஏறவே ஏறாத படி எது மச்சான்? நம்ம பஞ்சப்படிதான்."

மச்சான் தொடையில் அடித்துச் சிரித்தான். பிறகு தன் பங்குக்கு ஒன்று சொன்னான். அவன் வாய் ஓய்ந்ததும் சம்மட்டிக்காரர் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

ஒரு சொல்கூட அவருக்குக் கேட்கவில்லை. இரும்பை அடித்தடித்து, மூன்று வருஷமாக இரண்டு காதும் செத்துக் கிடந்தன. சிரித்தே ஒப்பேற்றிவந்தார். நாளைக்குக் காது சோதனை. தேறாதவனுக்கு வேலை கிடையாது. வீட்டில் உலை வைப்பது அவர் சம்பளத்தில்தான்.

மச்சானை விட்டால் வேறு நாதியில்லை. அவன் தோளைப் பிடித்தார்.

"மச்சான், இது விளையாட்டில்ல. எனக்குக் காது சுத்தமா கேக்கல. இத்தனை நாளா நீ சொன்ன எதுவும் காதுல விழல, சும்மா சிரிச்சேன். நாளைக்கு ரெண்டு ரெண்டு பேராத்தான் நிக்க வைக்கிறாங்க. மணிச் சத்தம் வந்தா என் காலை மிதிச்சிடு, நான் கையைத் தூக்கிடுறேன். உன்னைத்தான் நம்பியிருக்கேன்."

மச்சான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அது ஓய்ந்ததும் கண்ணில் நீர் வர விழுந்து விழுந்து சிரித்தான்.

சம்மட்டிக்காரருக்கு அந்தச் சிரிப்பு தெரியும். மூன்று வருஷமாக அவர் சிரித்துவந்த அதே சிரிப்பு.