ஒரு பாட்டில் சத்தியம்

"பெருசு இல்ல. சின்னதுதான் இருக்கு."

மதுக்கடையின் கம்பி வலைக்குப் பின்னாலிருந்து, முகத்தைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார் விற்பனையாளர் பால்ராஜ்.

அழகுராஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வாரமாக இதே பதில். அவனுக்கு முன்னால் நின்ற ஜெகதீஷ், பெரிய பீர் பாட்டில் ஒன்றை வாங்கிக்கொண்டு அப்போதுதான் விலகி நின்றிருந்தான்.

"அந்தா ஜெகதீஷ் கையில இருக்கறது என்னண்ணே? பால் பாட்டிலா?"

"அது கடைசி."

"பின்னால பெட்டி பெட்டியா அடுக்கியிருக்கே?"

"அது வேற."

"வேறன்னா? சம்பந்தி வீட்டுக்கு எடுத்து வச்சிருக்கீங்களா?"

வரிசை சிரித்தது. பால்ராஜ் சிரிக்கவில்லை. சின்ன பாட்டில் ஒன்றை எடுத்துப் பலகையின்மேல் வைத்தார்.

இல்லாததை இல்லை என்றால் மனம் ஆறிவிடும். கண்ணெதிரே இருப்பதை இல்லை என்று சொல்லக் கேட்பதுதான் பொறுக்க முடியாதது. அழகுராஜா தன் வலக் கையைக் கம்பி இடைவெளியில் நீட்டினான். மணிக்கட்டில் கறுப்புக் கயிறு.

"இதப் பாருங்க. ஆடி மாசம் கருப்பசாமி முன்னால கட்டுனது. என் பொண்டாட்டி ஜோதி பக்கத்துல நிக்க, 'இனிமே ஒரு நாளைக்கு ஒரு பாட்டிலுக்கு மேல தொட மாட்டேன்'னு சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்கேன். இன்னைக்கு வரைக்கும் மீறல. குடிக்கிறதே ஒண்ணு. அதையும் சின்னதாக் கொடுத்தா மனுசன் என்னதான் செய்வான்?"

சத்தியம் செய்வதற்கு முன்பு அவன் சின்ன பாட்டிலில் இரண்டு அருந்துபவன். சத்தியம் செய்த மறுநாளே பெரிய பாட்டிலுக்கு மாறினான். தெய்வத்துக்குக் கொடுத்த வாக்கு எண்ணிக்கையில் பிசகாமல் நின்றது; உள்ளே இறங்கிய அளவும் பிசகாமல் நின்றது.

ஆயினும் வரிசை அவன் பக்கமே பேசியது.

"வாக்குத் தவறாத ஆளுண்ணே. வெரசாக் கொடுத்து விடுங்க. பின்னால எத்தன பேரு நிக்கிறோம்?"

"ஏப்பா, சின்னதுக்கு டின்னு பரவாயில்லையே. அது கொஞ்சம் பெருசு. அத வாங்கிக்க."

"டின்னு சத்தியத்துல வருமா?"

"பாட்டில்னுதானே சொல்லியிருக்கான்? டின்னு அந்தக் கணக்குல வராது. ரெண்டுகூடக் குடிக்கலாம்."

"சாமி கேட்டுச்சுன்னா?"

"கருப்பனுக்கு நாம பாட்டில்லதானேய்யா படையல் வைக்கிறோம்? டின்னு அதுக்குப் பழக்கமில்ல."

"சாமி விசயத்துல வெளையாடாதீங்க!" என்று அழகுராஜா கயிற்றைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டான். "எனக்குப் பாட்டில்தான் வேணும். அதுலயும் பெருசுதான் வேணும்."

"உனக்கு டின்னும் கிடையாது. இந்தச் சின்னதுதான்," என்றார் பால்ராஜ்.

"எனக்குன்னா? யாரு சொல்லிக் கொடுத்தா உங்களுக்கு? ஜோதி வந்துட்டுப் போனாளா?"

"உன் பொண்டாட்டிய நான் பாத்ததுகூட இல்ல."

"அப்ப ஆளுக்கொரு நியாயமாண்ணே? ஜெகதீசும் ஜீப்பு ஓட்டுறவன்தான், நானும் ஜீப்பு ஓட்டுறவன்தான். அவன் குரங்கணிக்குத் தோட்டத்து ஆளுகளக் கொண்டுபோறான், நான் போடிமெட்டுக்குக் கொண்டுபோறேன். அவனுக்குப் பெருசு, எனக்குச் சின்னதா? மேல இருக்கறவங்களுக்கு எழுதிப் போடுறேன். உங்க சோலி போகுதா இல்லையான்னு பாருங்க!"

பால்ராஜ் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"எழுதிப் போடு. அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லு. போன வாரம் மலையேறும்போது, கொண்டை ஊசி வளைவுல உன் ஜீப்பு தடுப்புச் சுவத்த உரசிக்கிட்டு நின்னுச்சா, இல்லையா?"

அழகுராஜாவின் பார்வை பலகைமேலிருந்த சின்ன பாட்டிலுக்கு இறங்கியது.

"விடிஞ்சும் விடியாம, செவந்த கண்ணோட வண்டிய எடுக்கிற. ஏலக்காய் எடுக்கப் போற பொம்பளைக, தெரிஞ்ச சாமி பேரையெல்லாம் சொல்லிக்கிட்டு உன் பின்னால உக்காந்து வர்றாங்க. அதுல பொன்னுமணின்னு ஒருத்தி, ஓரத்துல கம்பியப் பிடிச்சுக்கிட்டு வருவா. தெரியுமா?"

"பொன்னுமணியக்காவா? தெரியும். ஏன்?"

"அவ என் வீட்டுக்காரி."

வரிசையில் முண்டிக்கொண்டிருந்தவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள்.

"சாயங்காலம் நான் உனக்கு எம்புட்டுப் பெருசாக் கொடுக்கறேனோ, மறுநாள் அவ உசுரு அம்புட்டுச் சிறுசு. அதான் ஒரு வாரமா இல்லன்னு சொல்றேன். என் சோலி போனாலும் போகட்டும்."

சற்றுமுன் அழகுராஜாவுக்காகப் பரிந்து பேசியவர்களில் ஒருவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சாமிய எங்கெங்கயோ தேடுறோம்யா. இந்தா, கம்பிக்குப் பின்னால நிக்குது," என்றார். ஆமாம் என்பதுபோலப் பல தலைகள் அசைந்தன.

அழகுராஜா சின்ன பாட்டிலை எடுத்துக்கொண்டு, கயிறு கட்டிய கையைச் சட்டைக்குள் இழுத்தபடி, தலை குனிந்து நகர்ந்தான்.

ஜெகதீஷ் மட்டும் இன்னும் போகவில்லை. நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவன், மெல்லக் கம்பி வலையருகே வந்தான். தன் கையிலிருந்த பெரிய பாட்டிலைப் பால்ராஜின் முன்னால் வைத்தான்.

"அப்ப என் ஜீப்புல குரங்கணிக்கு வர்றவங்கல்லாம் யாரு வீட்டுப் பொம்பளைகண்ணே?"