இடியப்ப உரலில் பாஸ்தா

இடியப்ப உரலைக் கொதிக்கிற தண்ணீருக்கு நேரே பிடித்தபோது ஞானசவுந்தரிக்குச் சிரிப்புத்தான் வந்தது. யாராவது பார்த்தால், பிள்ளை வந்த சந்தோசத்தில் இவளுக்கு மூளை கழன்றுவிட்டது என்பார்கள்.

சொல்லட்டும். பிள்ளை வந்தது உண்மைதானே.

மூன்று வயதில் தகப்பனின் தோளில் தொங்கிக்கொண்டு அல்லைப்பிட்டியை விட்டுப் போன ஷாருஜன், குசினி வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரத்தில் திரும்பி வந்திருந்தான். தகப்பனும் பிள்ளையும் இத்தாலியில், பலெர்மோவில் இருந்தார்கள். அவளுக்கு மட்டும் விசா சரிவரவே இல்லை. போன வருடம் தகப்பன் அங்கேயே கண்ணை மூடினார். இப்போது பிள்ளை தாயைப் பார்க்க வந்திருக்கிறான்.

வந்தவன் சாப்பிட்டால்தானே.

நண்டுக்கறி வைத்தாள். உறைப்புத் தாங்காமல் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கூழ் காய்ச்சினாள். மரியாதைக்கு இரண்டு வாய் குடித்தான். கடையில் பாஸ்தா பைக்கற் வாங்கி அவித்துக் கொடுத்தாள். அதையும் கிளறிக் கிளறி வைத்துவிட்டு, நல்லாயிருக்கு என்று சொல்லி வாழைப்பழத்தை உரித்தான்.

நாளை மறுநாள் விமானம்.

தன் கையால் சமைத்த சாப்பாட்டை ஒருநேரமாவது அவன் வழித்துத் துடைத்துச் சாப்பிட வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

அதனால்தான் இன்று பைக்கற் வேண்டாம், கையாலேயே பாஸ்தா செய்வது என்று விடியவே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கியிருந்தாள். போன் வீடியோவில் ஓர் இத்தாலிக்காரி மாவைக் குழைத்துக் காட்டினாள். அவள் பேசியது ஒரு சொல்லும் விளங்கவில்லை. கை செய்வது விளங்கியது, அது போதும்.

கத்தரிக்காயை வெட்டிப் பொரித்தாயிற்று. உள்ளிப்பூண்டும் தக்காளிப்பழமும் வதங்கி, எண்ணெய் மேலே மிதந்து, வாசம் வேலிக்கு அப்பால் போனது. அந்த இத்தாலிக்காரி துளசி மாதிரி ஓர் இலை போட்டாள். துளசிக்குப் பக்கத்து வீட்டுச் சரோஜினிதேவியிடம்தான் போக வேண்டும். மீன், முட்டை ஒன்றும் அந்தச் சட்டியில் சேராது என்று மாதாமேல் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அந்த மனுசி நாலு இலை கிள்ளித் தந்தாள்.

மாவுக்குப் பஞ்சமில்லை. தகரம் நிறைய இருந்தது.

அவர் உயிரோடு இருந்தவரை அந்தத் தகரம் நிறைந்து இருந்ததேயில்லை. பலெர்மோவுக்கு யார் போனாலும் மாப் பொதி கொடுத்துவிடுவாள். போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, மா முடியப்போகிறது, அனுப்பும் என்று அவர் போன் எடுப்பார். இரண்டு பேருமாக இவ்வளவு புட்டா தின்கிறீர்கள் என்று பகிடி பண்ணுவாள். அவர் சிரித்து மழுப்பிவிடுவார்.

உரலை அழுத்தினாள். மா நூல் நூலாகத் தண்ணீரில் இறங்கியது. அவளுக்குச் சின்னப்பிள்ளை மாதிரிக் கை தட்ட வேண்டும் போலிருந்தது.

மண்கும்பான் கடலுக்குக் குளிக்கப் போயிருந்த ஷாருஜனின் மோட்டார்சைக்கிள் சத்தம் ஒழுங்கையில் கேட்டது.

அவசரமாக, ஓட்டை போட்ட கண்ணகப்பையை விட்டு அள்ளினாள்.

நூல் ஒன்றும் வரவில்லை. துண்டு துண்டாக, பொடிப் பொடியாக, புட்டும் இல்லாமல் இடியப்பமும் இல்லாமல் ஏதோ ஒன்று வந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கோதுமை மா வாங்கி வந்த அன்றே துணியில் கட்டி, ஆவியில் அவித்து, அரித்துத் தகரத்தில் கொட்டிவிடுவது அவளுடைய வழக்கம். அந்த வீட்டில் மா என்றால் அவித்த மாதான். அவித்த மாவுக்கு இழுபடுகிற குணம் போய்விடும். பாஸ்தாவுக்குப் பச்சை மா அல்லவா எடுத்திருக்க வேண்டும்.

இனிக் கடைக்கு ஓட ஏலாது. அவன் முற்றத்துக்கு வந்துவிட்டான்.

கத்தரிக்காயையும் தக்காளியையும் மேலே கொட்டி, உடைசல் தெரியாமல் மூடி, துளசியைத் தூவி, முள்ளுக்கரண்டியையும் பக்கத்தில் வைத்து மேசைக்குக் கொண்டுபோனாள்.

ஷாருஜன் குனிந்து பார்த்தான். துளசியை விரலால் ஒதுக்கிவிட்டு இன்னொரு தடவை பார்த்தான்.

பிறகு முள்ளுக்கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டு, எழுந்து குசினிக்குள் போய், சோறு அள்ளுகிற பெரிய கரண்டியை எடுத்துக்கொண்டு வந்து கதிரையில் இருந்தான்.

பிழையாய்ப் போச்சுது, விடு தம்பி, பாண் வாங்கித் தருகிறேன் என்று அவள் சொல்லச் சொல்ல அவன் நிமிரவே இல்லை. வழித்தான். சட்டியில் இருந்ததையும் தானே சுரண்டிப் போட்டு, அதையும் வழித்தான். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள்.

என்ன மாவில் செய்தது என்று கேட்டான். அவள் தகரத்தைக் காட்டினாள்.

எழுந்து போய் அதைத் திறந்து மணந்து பார்த்தான். இந்த ஒரு வருடமாகப் பலெர்மோவில் எத்தனை சாப்பாட்டுக் கடையில் ஏறி இறங்கியிருப்பான், ஒருவருக்கும் இப்படிச் செய்யத் தெரியவில்லையாம்.

"அப்பா இதுக்கு அம்மான்ர பாஸ்தா எண்டு பேர் வச்சிருந்தவர். அம்மா எங்க செய்தவா, நீங்கள்தானே செய்யிறனீங்கள் எண்டு நான் சின்னனில அவரோட சண்டை பிடிச்சனான்."

ஞானசவுந்தரி கிட்டப் போய்த் தகரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். நாளைக்குச் சமைக்க இது காணும், போதும். அவன் கொண்டுபோகிறதுக்கு இன்னும் மா வாங்கி இன்றைக்கே அவிக்க வேண்டும்.