தலை குனியும் இடம்

கடல் உள்வாங்கும் நேரத்தில்தான் தரங்கம்பாடியைச் சுற்றிக் காட்டுவேன். இப்போது அங்கே தெருக்கள் இல்லை, ஈர மணல்தான். ஆனால் நாங்கள் தரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டால், கடல் கொள்வதற்கு முன்பிருந்த ராஜவீதி அப்படியே எழுந்து நிற்கும்.

கடைசி வீட்டு வாசல் தாழ்வானது. "தலை இடிக்கும், பாத்து" என்பேன். அங்கே வாசலே இல்லை என்று தெரிந்தும் எல்லோரும் குனிவார்கள். எனக்குச் சிரிப்பு வரும். பிறகு கூடத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.

அன்று வந்தவர்களில் ஞானமலர் என்ற அம்மாள் மட்டும் கண்ணாடி வேண்டாம் என்றார்.

"அது மாட்டுனா தலை சுத்தும் தம்பி. நான் சும்மா கூட நடந்து வர்றேன்."

வெறும் மணலில் என்னத்தைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன்.

கடைசி வீடு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முன்னால் போனார். சரியாக அந்த இடத்தில் தலை குனிந்து, காலைத் தூக்கி நிலைப்படியைத் தாண்டி வைத்து, உள்ளே போய் நின்றார்.

எத்தனை கூட்டத்தை இந்தக் கூடத்துக்குள் கூட்டி வந்திருக்கிறேன்! யாரிடமும் கேட்டதே இல்லை.

"உள்ள வரலாங்களாம்மா?" என்றேன்.

அவர் திரும்பி எங்கள் கால்களைப் பார்த்தார்.

"வாங்க, எல்லாரும் வாங்க. செருப்ப மட்டும் வெளிய விட்டுருங்க தம்பி."

விட்டோம். நான் கண்ணாடியையும் கழற்றினேன். குனிந்துதான் போனேன்.