கடைசி ஒரு கஜம்

நிலக்கரிச் சுரங்க ஊரின் அமெரிக்கக் கால்பந்து மைதானம் பனித்தூறலில் சேறாகிக் கிடக்கிறது. கல்லூரியிலும் பள்ளியிலுமாக முப்பத்தோரு வருடம் கோச்சாக இருந்த ஹுடாக்குக்கு இதுதான் கடைசி ஆட்டம். நான்கு புள்ளி முன்னிலை, நான்கு நொடி பாக்கி. எதிரணி இன்னும் ஒரு கஜம் முன்னேறி எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி; இவர் தோற்பார். அந்த அணியின் கோச் கிரெம்பா, கல்லூரியில் இவரிடம் ஆடியவன். அவன் பையன்கள் தோளோடு தோள் ஒட்டிக் குனிகிறார்கள். சேற்றில் ஆடுவதற்கென்று ஹுடாக்கே வகுத்துக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்த வியூகம் அது. “நடுவை அடைங்கடா!” என்று அவர் கத்தி முடிப்பதற்குள், பந்தை இடுக்கியவனைத் தள்ளிக்கொண்டு மொத்தக் கும்பலும் வலப்பக்கமாக எல்லைக்கோட்டைத் தாண்டி விழுகிறது. கைகுலுக்க வரும் கிரெம்பா நிமிர்ந்து பார்க்கவில்லை. “மன்னிச்சிருங்க கோச்.” “போடா மாட்டுப்பயலே! வலப்பக்கம் கூடுதலா ஒருத்தனை நிறுத்தினியே, எனக்கு இத்தனை வருசமா அது தோணலையேடா!” ஹுடாக் சேற்றில் குந்தி உட்காருகிறார். அழுதுகொண்டு நிற்கும் தன் பையன்களைக் கைதட்டிக் கூப்பிடுகிறார். “எல்லாரும் இங்க வாங்கடா. இவன் என்கிட்ட ஆடினவன். அந்த ஒருத்தனை எங்க நிறுத்தினான்னு இந்தச் சேத்துல வரைஞ்சு காட்டுவான், பாருங்க.”