ஸ்வீட்டியின் சகுனம்

"செருப்பைக் கழட்டு புஷ்பா. ஸ்வீட்டி தும்மிடுச்சு" என்றபடி தனசேகர் பைக் சாவியை மறுபடியும் ஆணியில் மாட்டினான்.

பண்ருட்டியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் புஷ்பவள்ளி எப்போது கிளம்பினாலும் இதே கதைதான். அந்தக் குட்டிப் பொமரேனியன் கழுத்தை நீட்டி, 'கர்ர், கர்ர்' என்று மூக்கை உறிஞ்சும். சகுனம் சரியில்லை என்று புருஷன் உட்கார்ந்துவிடுவான். பொறுத்துப் பார்த்தவள், நாயைத் தூக்கிக்கொண்டு, அவனையும் இழுத்துக்கொண்டு கடலூர் கால்நடை டாக்டரிடம் போனாள்.

"இது வியாதியும் இல்ல, தும்மலும் இல்லம்மா. தும்முனா காத்து வெளிய வரும், இது உள்ள இழுக்குது. சின்ன நாய்ங்களுக்கு வர்றதுதான். தொண்டையத் தடவிக் குடுத்தா நின்னுடும்" என்றார் டாக்டர். "நெடி பட்டா வரும். வீட்ல யாராவது செண்ட் போடுவீங்களா?"

"நான் போடறதில்ல டாக்டர். அவுரு கல்யாணத்துக்குக்கூட போடமாட்டாரு. எங்கம்மா வீட்டுக்குக் கெளம்பறப்ப மட்டும்தான்..."

சொல்லிக்கொண்டே வந்த புஷ்பவள்ளி மெல்லத் திரும்பினாள். தனசேகர் சுவரில் இருந்த மாட்டுத் தடுப்பூசி போஸ்டரை அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிறு, சிதம்பரத்தில் அவன் தங்கை வீட்டில் விருந்து. கிளம்பும் நேரம் பார்த்து ஸ்வீட்டி கழுத்தை நீட்டியது.

"அதான் தும்மல் இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாரே, வா" என்றான் தனசேகர்.

"டாக்டருக்குச் சகுனத்தப் பத்தி என்னங்க தெரியும்?" என்று புஷ்பவள்ளி செருப்பைக் கழற்றினாள். அவள் முந்தானையிலிருந்து கமகமவென்று வீசியது, அவனுடைய செண்ட்.